எந்த சபை?

ஞாயிறு ஆராதனை முடிந்து
பைக்குள் ஒரு பென்டிரைவோடு
நட்டாலம் அண்டி ஆபீஸ் படியேறினேன்.
புதுசு ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன் என்றதும்
கணக்குப் பார்க்கும் ரெத்தினபாய்
கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் கேட்டாள்:
"எந்த சபை?"

சபை இல்லக்கா, லினக்ஸ்.
"அதுலயும் பிரிவு உண்டா?"
உண்டு. நூற்றுக்கு மேல்.
ஒன்றிலிருந்து பிரிந்தது ஒன்று,
அதோடு பிணங்கிப் போனது இன்னொன்று.
"அப்ப நம்ம ஊருக்கு ஒத்துக்கிடும்"
என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மடிக்கணினிக்கு வயது பதினொன்று.
புதுசு வாங்கு, புதுசு வாங்கு என்று
தினமும் காலையில் மிரட்டிவிட்டுத்தான்
கணக்கைத் திறக்குமாம்.
முதலாளி கொல்லத்தில் இருக்கிறார்.
ஓடுகிறவரை ஓடட்டும் என்றிருக்கிறார்.

"சும்மாவா குடுக்க?"
சும்மாதான்.
"சும்மா குடுக்கதுக்குள்ள ஒரு கொளுக்கி கெடக்குமே."
இல்லக்கா, யாரும் திறந்து பார்க்கலாம்,
எப்படிச் செய்தது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.
"மீன்கொழம்பு வைக்கப்பட்ட மாதிரியா? புளி கூட்டிக்கிடலாமா?"
கூட்டிக்கொள்ளலாம் என்றேன்.
மூன்று வருடமாக இந்தப் பையோடு அலைகிறேன்,
இந்த வாக்கியம் எனக்குத் தோன்றியதில்லை.

நகலெடுத்தோம். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது.
அவள் சிலுவை போடவில்லை, ஆனால்
ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

பிரிண்டருக்காகக் கருப்புத் திரையைத் திறந்து
கடவுச்சொல்லை அடிக்கச் சொன்னேன்.
அடித்தாள். ஒரு புள்ளிகூட விழவில்லை.
"எனக்க வெரல எடுக்கல்ல"
என்று கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.
கணக்குக்கு வருமுன் பத்தொன்பது வருஷம்
அண்டி தல்லிய கை.
தோட்டெண்ணெய் ரேகையைத் தின்றுவிட்டது.
ரேஷன் கடை மெஷின் மாதாமாதம்
நீ நீயில்லை என்று திருப்பியனுப்பும் கை.

எடுக்குதுக்கா. வாங்கிக்கொள்ளும், வெளியே காட்டாது.
திரும்ப அடித்தாள், ஒவ்வொன்றாக,
கரண்டு போன நேரம் படியிறங்குகிறவள் போல.
வழிவிட்டது.

வினை பிறகுதான் வந்தது.
கூலிப் பட்டியலைத் திறந்தால்
நூற்று முப்பத்தெட்டுப் பெண்களின் பெயரும்
முள்ளும் வளையமும் ஆங்கில உடைசலுமாகக் கிடந்தன.
எந்தக் காலத்திலோ யாரோ விற்ற எழுத்துரு,
அது இங்கே இல்லை.
எண்கள் மட்டும் நின்ற இடத்தில் நின்றன.

காது சுட்டது எனக்கு.
மாற்றித் தருகிற கருவி இணையத்தில் இருக்கிறது,
இணையமோ மழைக்குப் பயந்து போய்விட்டிருந்தது.
பழையதையே போட்டுத் தரட்டுமா என்றேன்.

ரெத்தினபாய் திரையில் விரலை வைத்தாள்.
"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது, முன்பணம் ஐநூறு.
இது டெல்பின் மேரி, மவளுக்கு ஃபீஸ் கெட்ட வாங்கினா.
ரெண்டு நாள் கொறவு, இது தாசம்மை, பல்லு எடுத்தா.
ஆறு நாளும் உண்டு, ஒரு ரூபா கடனில்ல,
சுசீலாபாய். அவ அப்படித்தான்.
என்ன பாத்துட்டு இருக்க மக்களே, எழுது."

எழுதினேன். கூரைத் தகரத்தில் மழை.
எழுபது பெயர் தாண்டியதும்
நகரு என்று விசைப்பலகையை வாங்கிக்கொண்டாள்.
'ழ' எங்கே என்று ஒருமுறை கேட்டாள்,
மறுமுறை கேட்கவில்லை.

நூற்றிப் பன்னிரண்டில் நின்றாள்.
ஒரே நாள், ஒரே தொகை, இரண்டு வரி.
"ஒரே வீடு. மாமியும் மருமவளும்.
எது எங்க நின்னா என்ன, பானை ஒண்ணுதான்."
அடிக்கப் போனவள் கையை எடுத்தாள்.
"இல்ல, ஓணத்துக்குப் பொறவு பானை ரெண்டாச்சு.
கெடக்கட்டும். நாளைக்குக் கேட்டு எழுதுகேன்."

புறப்படும்போது ஒடஞ்ச பருப்பு ஒரு பொதி திணித்தாள்.
வேண்டாமென்றேன்.
"ஒனக்கில்ல. காணிக்கை.
இதச் செஞ்சவியளுக்கக் கையில குடு."

அவர்கள் யார், எத்தனை பேர், எந்தக் கண்டத்தில்,
எனக்கு எப்படித் தெரியும்?
மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.
அழகியமண்டபம் வருமுன் பாதியைத் தின்றிருந்தேன்.

பிரிண்டர் இன்னும் ஓடவில்லை.